கூடம் கோணல்

(பாம்பன் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றின் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

தலைமை தாங்கும் ஊர்த்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, ஜமாத் தலைவர் பாய் அவர்களே, விடியக்காலம் கரை திரும்பி, கண் சொக்கினாலும் பெரிய மனது பண்ணி வந்திருக்கும் நாட்டுப்படகு அண்ணன்மார்களே, வணக்கம். நூலகர் அம்மாவுக்குத் தனி வணக்கம். இந்த நாற்காலிகள் அவர் ஏற்பாடு. நாற்காலி கிடைக்காமல் மணலில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு அதைவிடப் பெரிய வணக்கம்.

மோசமாக வாசித்தே பேர் வாங்கிய வாத்தியக் குழுக்களைப் பற்றி மூன்று செய்தி சொல்வேன் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். சரி, சொல்லிவிடுகிறேன்.

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.' நான் மைக் பிடித்தால் இந்தப் பழமொழி வந்துவிடும் என்று வீட்டில் கேலி. இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் என்கிற துறைமுக ஊரில், கூடத்தைக் குறையே சொல்லாத ஒரு கோஷ்டி இருந்தது. 1970இல் அங்குள்ள கலைப்பள்ளியில், கேவின் பிரையர்ஸ் என்ற இசையமைப்பாளர் மாணவர்களோடு தொடங்கிய போர்ட்ஸ்மவுத் சின்ஃபோனியா. சேர வேண்டுமானால் வாசிக்கத் தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்தவர் வந்தால் பழகாத வாத்தியத்தைக் கையில் எடுக்க வேண்டும். பிரையன் ஈனோ என்ற பேர்பெற்ற இசைக்கலைஞர் அப்படித்தான் கிளாரினெட் ஊதினார். ஆனால் ஒத்திகைக்குக் கட்டாயம் வரணும், வேண்டுமென்றே தப்பாக வாசிக்கக் கூடாது. உயிரைக் கொடுத்து வாசித்தும் தப்பினால்தானே சிரிப்பு! 1974 மே மாதம் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஆயிரக்கணக்கான பேர் முன்னால் வாசித்தார்கள். கூடம் என்றால் அதுவல்லவா கூடம்.

இரண்டாவது, வியன்னாவில் 1998இல் தொடங்கிய காய்கறி இசைக்குழு. இவர்களை மோசம் என்று சொல்ல முடியாது, வாத்தியம்தான் விசித்திரம். கேரட்டைக் குடைந்து குழல், பூசணிக்காயைத் தட்டி மேளம். கச்சேரி முடிந்தால் சபைக்குக் காய்கறி சூப். நாம் சுண்டலோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அப்புறம், நம் பிள்ளைகள் கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். போன பொங்கலுக்கு ஒரு குழு சேர்த்தார்கள். ஒருவன் கையில் சங்கு. சங்கில் ஒரு சுரம்தான் வரும். அவன் ஊதினால் அதுவும் வராது, காற்றுத்தான் வரும். இன்னொருவனுக்கு மீன் போடும் ஐஸ்பெட்டி, அதுதான் மேளம். பிளாஸ்டிக் பைப்பில் ஓட்டை போட்டு நாகஸ்வரம். கொட்டாங்கச்சியைத் தட்ட இரண்டு பேர். இருவரும் பேசுவதில்லை, அதனால் தாளமும் சேரவில்லை. நடத்தியவன் கையில் துடுப்பு. அவன் வேகமாக வீச, முன்னால் இருந்த பெரியவரின் மூக்குக் கண்ணாடி பறந்தது.

கச்சேரி நடந்த இடம் மீன் ஏலக்கூடம். வேறு இடம் இல்லை. உச்சகட்டத்தில் ஐஸ் லாரி ஒன்று பின்பக்கமாக உள்ளே வந்தது. பின்னால் வரும்போது பாட்டுப் போடுமே, அந்தப் பாட்டு! சுருதி சுத்தம், தாளம் சுத்தம். ஜனங்கள் எழுந்து கைதட்டினார்கள். நம் பிள்ளைகளும் எழுந்து நின்று குனிந்து வணங்கினார்கள். டிரைவர் ஒன்றும் புரியாமல் கும்பிட்டார். 'இன்னொரு தடவை ரிவர்ஸ் எடுங்க மாமா' என்று ஒரு குரல்.

சிரியுங்கள், ஆனால் ஒன்று கேட்கிறேன். அதே பழமொழிதான்: கூடம் கோணல் என்று சொல்லவாவது ஒரு கூடம் வேண்டாமா? நம் சமுதாயக்கூடம் ஓடு சரிந்து பூட்டிக் கிடக்கிறது. கச்சான் காற்றில் மிச்ச ஓடும் போகும். இந்தப் பிள்ளைகள் எங்கே ஒத்திகை பார்ப்பார்கள்? போர்ட்ஸ்மவுத்காரனுக்குக் கலைப்பள்ளி இருந்தது, இவனுக்கு மீன் நாற்றமும் லாரியும். வாசகர் வட்டத்துக்கும் இடமில்லை. நூலக நாற்காலியைக் கடற்கரைக்குத் தூக்கி வந்திருக்கிறோம். சங்கத்து அண்ணன்மார்களுக்கு வலை பின்னவும் அந்த நிழல் உதவும். கூடத்தைச் சரிசெய்து தரச் சொல்லும் மனுவில் பங்குத்தந்தையும் பாயும் முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அவர்களுக்கு மறுபடியும் நன்றி.

மூன்றாவதாக ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 'ரொம்ப மோசமான இசைக்குழு' என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அதை அடுத்த வருஷம் வைத்துக்கொள்வோம்.

வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனுக் கொடுக்கப் போகிறோம். மனு அந்தப் புளியமரத்தடி மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடியுங்கள். பேனாவை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது நூலகர் அம்மாவுடையது.