கள்ளிமுளையானை எண்ணும் வேலை

நேயர்களுக்கு வணக்கம். திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் போய்வந்தவர்களுக்குத் தேரிக்காடு என்னும் செம்மணல் மேடுகளைப் பற்றி நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி மாதக் காற்றில் புரளும் அந்தச் செம்மணலின் ஓரத்தில், உடைமரம் என்னும் முள்மரத்தின் நிழலில், இலையின்றி வளரும் செடி ஒன்று உண்டு, அதுதான் கள்ளிமுளையான். பெயரில் கள்ளி இருந்தாலும் அது எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. தீபகற்ப இந்தியாவின் வறண்ட நிலங்கள் பலவற்றில் வளரும் இச்செடி, நம் சீமையில் அருகி வருகிறதா, நிலைத்து நிற்கிறதா என்பதை எப்படி முடிவு செய்வது என்பதே இன்று நான் பேச வந்த செய்தி.

சென்ற கார்த்திகையில் மழை விட்ட மூன்றாம் நாள், ஓர் உடைமரத்தடியில் முள்ளை ஒதுக்கிப் பார்த்தேன். சுண்டுவிரல் கனத்தில், நான்கு பட்டையாக, சாம்பல் பூத்த பச்சைத் தண்டுகள் ஏழு நின்றன. ஒரு தண்டின் நுனியருகே தொங்கிய சிறு பூவின் விளிம்பில் இருந்த கருஞ்சிவப்பு மயிர்கள் என் மூச்சுக்காற்றுக்கே அசைந்தன. ஈக்கள் இரண்டு அதைச் சுற்றிக்கொண்டிருந்தன. நின்ற நிலையில் பார்த்திருந்தால் அங்கே ஒன்றுமில்லை என்றே எழுதிவிட்டு வந்திருப்பேன்.

அந்த ஏழும் ஏழு செடிகளா, ஒரே செடியா? மண்ணுக்குள் தண்டோடு தண்டு ஒட்டிப் படர்வதும், ஒடிந்த துண்டு வேர்விட்டுத் தனிச்செடியாவதும் இதன் இயல்பு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நெறிமுறைப்படி, தனித்துப் பிழைக்கக்கூடிய கிளைப்பை ஒரு செடியாகவே கொள்ள வேண்டும். இதை முதலிலேயே வரையறுத்துக்கொள்ளாமல் இருவர் எண்ணினால் இருவேறு கணக்குத்தான் வரும். முதிர்ந்த செடிகள் 250க்குக் கீழே இருந்தால் 'அருகியது', 50க்கும் கீழே போனால் 'மிக மோசமாக அருகியது' என்று பிரிக்கும் அந்த ஒன்றியத்தின் அளவுகோலில் அந்த வேறுபாடு சிறியதன்று.

பெயரிலும் சிக்கல் உண்டு. நாம் கள்ளிமுளையான் என்று ஒரே பெயரால் அழைப்பவற்றுள் பல இனங்களும் வகைகளும் அடங்கியிருக்கின்றன. 1931இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வழியாக கிரேவ்லியும் மயூரநாதனும் இந்திய வகைகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அவற்றைப் பிரித்தறியப் பூவைப் பார்த்தாக வேண்டும். ஆகவே கோடையில் போய் வெறுந்தண்டை மட்டும் எண்ணிவிட்டு வருவதில் பயனில்லை.

எண்ணிக்கையைப் போலவே செடி வாழும் பரப்பளவையும் பார்ப்பார்கள்; அதைக் கணக்கிடும் முறை எளிது. நிலப்படத்தை 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, செடி இருக்கும் கட்டம் ஒவ்வொன்றுக்கும் 4 சதுர கிலோமீட்டர் என்று கூட்டுவார்கள். மொத்தம் 500 சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தாலே செடி அருகிவிட்டது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அது தவறு. வாழிடம் துண்டுபட்டோ இருக்கும் இடங்கள் மிகச் சிலவாகவோ இருப்பது, தொடர்ந்து குறைவது, எண்ணிக்கை கடுமையாக ஏறி இறங்குவது ஆகிய மூன்றில் இரண்டையேனும் மெய்ப்பிக்க வேண்டும். மேலும், நம் சீமைக் கணக்கு நம் வட்டாரத்துக்குரிய மதிப்பீடாகுமே தவிர, உலகளாவிய மதிப்பீடு ஆகாது.

குறைகிறதா என்பதைக் காட்டப் பழைய சான்று வேண்டும். கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல நிலையம் போன்ற இடங்களில் உலர்த்தி ஒட்டிவைத்த செடித்தாள்களில் ஊர்ப்பெயரும் நாளும் எழுதப்பட்டிருக்கும். அந்த ஊர்களுக்கே திரும்பப் போய்த் தேட வேண்டும். இல்லாத இடத்தில் 'இல்லை' என்று எழுதுவதும், எத்தனை மணி நேரம் தேடினோம் என்று குறிப்பதும் கண்டெடுத்ததைக் குறிப்பதற்கு நிகரான வேலை என்பது என் உறுதியான கருத்து.

செடியை எண்ணுகிறவர் அதற்குக் குடை பிடிக்கும் மரத்தையும் எண்ண வேண்டும். கரிமூட்டத்துக்காகவோ மனைக்காகவோ உடைமரம் வெட்டப்பட்டால், அதன் நிழலில் தப்பியிருந்த கள்ளிமுளையான் ஆட்டு வாய்க்கும் வெயிலுக்கும் நேரே வந்துவிடுகிறது. பசியை அடக்கும் மருந்து என்று அதன் சாறும் பொடியும் வெளிநாடுகள் வரை விற்கப்படுகின்றன. துவையலுக்கு நாலு தண்டு ஒடிப்பதற்கும் மூட்டைக் கணக்கில் வேரோடு பிடுங்குவதற்கும் உள்ள தொலைவை மதிப்பீட்டில் தனியே எழுதியாக வேண்டும்.

மதிப்பிடப்படாத செடி என்றால் பாதுகாப்பான செடி என்று பொருளில்லை. இது எனக்குப் பெருங்கவலை தருகிறது. ஏனெனில் மதிப்பீட்டுப் பட்டியலில் அதன் இடம் வெறுமையாக இருக்கும்வரை, ஒரு சாலை போடும்போதோ காற்றாலை நிறுவும்போதோ அந்தச் செடிக்காகக் கேட்பாரில்லை. எந்த மரத்தடியில் எது முளைக்கும் என்பது ஆடு மேய்க்கும் பெரியவர்களுக்குத் தெரியும். அவர்களை உடன் அழைத்துப் போகாத கணக்கெடுப்பு பாதிக் கணக்கெடுப்புத்தான்.

வருகிற ஐப்பசி மழைக்குப் பின் அதே உடைமரத்தடிக்கு மீண்டும் போகவிருக்கிறேன். உங்கள் விளையோரத்திலோ வேலிக்குள்ளோ இதைக் கண்டால், பிடுங்காமல் நாளையும் ஊரையும் மேலே நிற்கும் மரத்தின் பெயரையும் குறித்துவையுங்கள். முன்பு இருந்த இடத்தில் தேடியும் காணவில்லை என்றால் அதையும் குறித்துவையுங்கள். வணக்கம்.