தலைவரும் உள்ளே வரலாமா?

(காட்சி: ஹற்றன். தூறல். குடைகளோடு நீதிமன்றப் படியேறும் கூட்டம்.)

பத்து வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்த ஒரு அக்கா, வேலையிலிருந்து நிறுத்திய கடிதத்தோடு சட்டத்தரணியைத் தேடி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தனியாக வரமாட்டார். தோட்டத் தலைவர் (தொழிற்சங்கத்துக்காரர்) வருவார், மாமா வருவார், சில நேரம் பாதி லயமே, அதாவது வரிசை வீடுகளில் பாதியே வந்துவிடும். பேசுவதெல்லாம் தலைவர், அக்கா தலையை மட்டும் ஆட்டுவார்.

புதிதாகச் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் எடுத்த தம்பி, தங்கைகளே, இங்கேதான் கவனம் வேண்டும். உங்கள் கட்சிக்காரர், அதாவது நீங்கள் யாருக்காக வழக்காடுகிறீர்களோ அவர், யார்? பேசியவரா, காசு கட்டியவரா? இருவரும் இல்லை, அந்த அக்காதான். என்ன செய்யலாம் என்ற முடிவும் அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

(காட்சி: மூடிய கதவு. உள்ளே இரண்டு கதிரைகள்.)

நம் தொழில் நடத்தைக்கு உயர் நீதிமன்றம் 1988இல் தனி விதிகள் செய்தது. ஆனால் இரகசியம் என்பது அதைவிடப் பழைய சங்கதி. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், 126ஆம் பிரிவு: தொழில்முறையில் கட்சிக்காரர் சொன்னதை அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் சட்டத்தரணி வெளியே சொல்லக் கூடாது. வழக்கு முடிந்தாலும் இந்தக் கடமை முடியாது. அடுத்த பிரிவு உங்கள் லிகிதரையும் மொழிபெயர்ப்பாளரையும் கட்டுகிறது. சிங்களக் கடிதத்தைத் தமிழில் சொல்ல ஆள் தேடும் நம் ஊருக்கு இது பெரிய விசயம்.

கூட வந்து சும்மா உட்கார்ந்திருக்கும் மாமாவை அது கட்டுமா? அதை நம்பி இருக்காதீர்கள். பத்து நிமிடமாவது அக்காவிடம் தனியாகப் பேசுங்கள். தலைவர் முகம் சுளிப்பார்தான். வெளியே ஒரு பிளேன்டீ சொல்லிவிட்டால் அது பாதி சரியாகும்.

அப்புறம், பஸ். நுவரெலியாவுக்குப் போகும் பஸ்ஸில் போனில் வழக்குப் பேசுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். பெயரைச் சொல்லாவிட்டால் என்ன? "அந்த மேல் டிவிஷன் கேஸ்" என்றாலே பின் சீட்டுக்கு ஆள் தெரிந்துவிடும்.

இதற்கு எல்லையும் உண்டு. சட்டவிரோதக் காரியத்துக்கு உதவி கேட்டுப் பேசிய பேச்சுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பொய்க் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் தயாரிக்கலாமா என்று கேட்டால், வழியனுப்பி வைப்பதுதான் மரியாதை.

(காட்சி: கொழும்பு, உயர் நீதிமன்றம் இருக்கும் புதுக்கடை.)

சட்டத்தரணியே ஏமாற்றினால்? 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றம் அவரை இடைநிறுத்தலாம், தொழிலிலிருந்தே நீக்கவும் செய்யலாம். முறைப்பாட்டைச் சத்தியக்கடதாசியோடு, அதாவது சொன்னது உண்மை என்று சத்தியம் செய்து கையெழுத்திட்ட கடிதத்தோடு, அனுப்ப வேண்டும். "ஐயாவை எதிர்த்து எழுதுவதா?" என்று நம் ஆட்கள் தயங்குவார்கள். கையில் ஆதாரம் இருந்தால் தயக்கம் குறையும். அதனால் காசு கொடுத்த சீட்டு, கடிதப் பிரதி, வழக்கு இலக்கம் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரு பையில் போட்டு வையுங்கள், அக்கா. அரிசிப் பை என்றாலும் பரவாயில்லை, நனையாமல் இருந்தால் சரி.