பூட்டினேனா, இல்லையா?

[காட்சி: மாடி வீட்டுக் கதவு. நாதாங்கியில் ஒரு பித்தளைப் பூட்டு. ஒரு கை அதைப் பிடித்து இழுக்கிறது. மறுபடி இழுக்கிறது.]

இந்தக் கை என்னுடையது. பூட்டும் என்னுடையதுதான், திண்டுக்கல்லில் வாங்கியது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்ப் பூட்டு, அதன்மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது இதை நான் நாலு தடவை இழுத்துப் பார்ப்பேன். மூன்று போதாது. தப்பித்தவறி ஐந்தாகிவிட்டால் எட்டு வரைக்கும் போக வேண்டியிருக்கும், ஏன் என்று கேட்காதீர்கள். அப்புறம் படி இறங்கி, தெருமுனைப் பால் பூத் வரைக்கும் நடந்து போய், அங்கே வந்ததும் "பூட்டினோமா?" என்று ஒரு நினைப்பு வந்து நிற்கும். நாலு தடவை இழுத்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, ஆனால் கண்ணுக்குள் இருக்கும் அந்த இழுப்பு இன்றைக்கு இழுத்ததா நேற்று இழுத்ததா என்று மட்டும் சொல்லத் தெரியாது. சரி என்று திரும்பி வருவேன். எதிர்வீட்டுப் பாட்டி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். தலையைத் தூக்காமலே சொல்வார்: "பூட்டிட்டே தம்பி, போ. பஸ்ஸு போயிடும்."

வணக்கம். இன்றைய வீடியோ இந்தப் பூட்டைப் பற்றியது. இல்லை, இந்தக் கையைப் பற்றியது.

[காட்சி: வேகமாக மாறும் துண்டுக் காட்சிகள். டிவி ரிமோட், மாடிப்படி, பஸ் டிக்கெட், கவிழ்ந்து கிடக்கும் செருப்பு.]

இதை எடுக்கலாம் என்று முடிவானதும் வீட்டிலும் வேலையிடத்திலும் ஒவ்வொருவராகப் பிடித்து "உங்களுக்கு என்ன கிறுக்கு?" என்று கேட்டேன். முதலில் எல்லோரும் "எனக்கா? ஒன்றும் இல்லையே" என்பார்கள். நான் என் பூட்டுக் கதையைச் சொன்னதும் கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவருக்கு டிவி சத்தம் இரட்டைப்படை எண்ணில்தான் இருக்க வேண்டும், 17-ல் வைத்தால் படமே ஓடாது. இன்னொருவர் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் படிகளை எண்ணுவார், எங்கள் அலுவலகத்துக்கு 46 படி என்று அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். பஸ் டிக்கெட் நம்பரைக் கூட்டிப் பார்க்கிறவர்கள், முன்னால் போகும் வண்டியின் நம்பரைக் கூட்டி எட்டு வந்தால் கொஞ்சம் தள்ளியே ஓட்டுகிறவர்கள், கல்யாண மண்டபத்து வாசலில் யாருடையது என்றே தெரியாத கவிழ்ந்த செருப்பைக் காலால் நிமிர்த்திவிட்டுத்தான் உள்ளே போகிறவர்கள். எங்கள் அக்காவுக்கு நாற்பது தாண்டிவிட்டது, வங்கியில் வேலை, இன்றைக்கும் யாராவது தலையில் முட்டிக்கொண்டால் விடமாட்டாள், இன்னொரு தடவை முட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் கொம்பு முளைக்கும்! அவள் வீட்டுக்காரர் உட்பட யாருக்கும் விலக்கு கிடையாது.

பெரிய ஆட்களும் இதில் உண்டு. மின்சார மேதை நிக்கோலா டெஸ்லா 1919-ல் எழுதிய தன் வரலாற்றில் தன் கிறுக்குகளையெல்லாம் தானே வரிசையாகச் சொல்லியிருக்கிறார். நடக்கும்போது அடிகளை எண்ணுவாராம். சூப் தட்டு, காபிக் கோப்பை இவற்றின் கன அளவை மனக்கணக்காகப் போட்டால்தான் சாப்பாடு இறங்குமாம். திரும்பத் திரும்பச் செய்கிற எந்தக் காரியமும் மூன்றால் வகுபட வேண்டும், தவறிவிட்டால் எத்தனை மணி நேரம் ஆனாலும் முதலிலிருந்து. இதைப் படித்தபோது என் நாலு எனக்கு ரொம்ப மரியாதையான எண்ணாகத் தெரிந்தது. ஆங்கில அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன், ஒரு வாசலைத் தாண்டும்போது இத்தனையாவது அடியில் இந்தக் கால்தான் உள்ளே படவேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார், தப்பினால் திரும்பிப் போய் மறுபடி நடந்து வருவார் என்று அவரோடு பழகிய பாஸ்வெல் எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு தூரம் போவானேன், நம்ம ஸ்ரீகாந்த் பந்துக்குப் பந்து ஸ்கொயர் லெக் பக்கம் ஒரு நடை போய், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சூரியனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து நிற்பாரே, அதைப் பார்த்துவிட்டுத் தெருவில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடிய பையன்களும் மூக்கை உறிஞ்சியதுண்டு.

[காட்சி: கூண்டுக்குள் ஒரு புறா, எளிய கோட்டோவியம்.]

என் நாலு எங்கிருந்து வந்தது? இதற்கு ஓரளவு பதில் சொல்வது புறாக்கள். 1948-ல் பி. எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் எட்டுப் புறாக்களைத் தனித்தனிக் கூண்டில் வைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறிப்பிட்ட விநாடிக்கு ஒருமுறை தீனி வருகிற மாதிரி ஏற்பாடு செய்தார். சும்மா இருந்தாலே சோறு. ஆனால் ஆறு புறாக்கள் சும்மா இருக்கவில்லை. ஒன்று இடஞ்சுழியாகச் சுற்ற ஆரம்பித்தது, இன்னொன்று கூண்டின் மேல்மூலையில் தலையைத் தலையைக் கொண்டுபோய் முட்டியது. தீனி வந்த நேரத்தில் தற்செயலாக என்ன செய்துகொண்டிருந்ததோ அதையே பிடித்துக்கொண்டன. நானும் என்றைக்கோ நாலு தடவை இழுத்திருப்பேன், அன்றைக்கு வீட்டில் ஒன்றும் ஆகியிருக்காது.

இது ஆரம்பம் எப்படி என்று மட்டும்தான் சொல்கிறது. பால் பூத்தில் ஏன் நிற்கிறேன் என்பதைச் சொல்லவில்லை. நான் பல வருடமாக எனக்கு ஞாபகசக்தி மோசம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பூட்டியதை மறந்துவிடுகிறேன், மறப்பதால் மறுபடி பார்க்கிறேன். வல்லாரை லேகியம் எல்லாம் சாப்பிட்டாகிவிட்டது.

காரணமும் விளைவும் இடம் மாறி இருக்கின்றன என்று காட்டியது ஒரு அடுப்பு.

[காட்சி: கணினித் திரையில் கேஸ் அடுப்பின் படம். திருகிகள் திரும்புகின்றன.]

2003-ல் நெதர்லாந்தில் மார்செல் வான் டென் ஹௌட், மெரெல் கிண்ட் என்ற இருவர், மாணவர்களைக் கணினி முன்னால் உட்காரவைத்து, திரையில் தெரியும் கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, அணைத்து, அணைந்துவிட்டதா என்று பார்க்கச் சொன்னார்கள். ஒரு குழு அதே அடுப்பைத் திரும்பத் திரும்ப, இருபது தடவை பார்த்தது. இன்னொரு குழு நடுவில் அடுப்பை விட்டுவிட்டு அதே அளவுக்கு மின்விளக்குகளைப் பார்த்தது. கடைசியில் இரண்டு குழுவும் அடுப்பை ஒரு தடவை பார்த்தார்கள், உடனே கேள்வி: கடைசியாகப் பார்த்தபோது எந்தெந்த பர்னர்?

இரண்டு குழுவும் ஒரே அளவுக்குச் சரியாகச் சொன்னார்கள். ஞாபகம் பழுதில்லை. ஆனால் "எவ்வளவு தெளிவாக நினைவிருக்கிறது? எவ்வளவு உறுதியாகச் சொல்வீர்கள்?" என்று கேட்டபோதுதான், அடுப்பையே இருபது தடவை பார்த்தவர்களுக்கு எல்லாம் மங்கலாக இருந்தது. பதில் சரியாகத்தான் சொல்கிறார்கள், தங்கள் பதிலையே நம்ப முடியவில்லை. நன்றாகப் பார்த்தவனுக்குத்தான் சந்தேகம் அதிகம். பிறகு கனடாவில் மான்ட்ரியாலில் ஆடம் ராடோம்ஸ்கி என்பவரும் கூட்டாளிகளும் நிஜச் சமையலறையில் நிஜ அடுப்பை வைத்துச் செய்தபோதும் நம்பிக்கை அப்படியேதான் இறங்கியது. எத்தனையாவது தடவையில் இறங்க ஆரம்பிக்கிறது என்றும் தேடியிருக்கிறார்கள். இரண்டுக்கும் பத்துக்கும் இடையிலேயே தொடங்கிவிடுகிறதாம். என் நாலு அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது.

இது ஏன் என்று புரிய ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் மெதுவாக. "பூட்டு" என்று முப்பது தடவை சொல்லுங்கள். பூட்டு, பூட்டு, பூட்டு, பூட்டு...

[காட்சி: "பூட்டு" என்ற எழுத்து திரையில் திரும்பத் திரும்ப வந்து நிரம்புகிறது. பத்து விநாடி.]

இருபதைத் தாண்டியதும் அது வெறும் சத்தமாகிவிடுகிறது, இல்லையா? உதடு அசைகிறது, அர்த்தம் கழன்றுகொள்கிறது. கையும் அப்படித்தான். முதல் தடவை பூட்டை இழுக்கும்போது அந்தப் பித்தளையின் குளிர்ச்சி, கொண்டியில் அது உரசுகிற சத்தம், விரலில் ஒட்டும் எண்ணெய் எல்லாம் மனதுக்குப் போகிறது. இரண்டாவது இழுப்பில் மனது, தெரிந்ததுதானே என்று பாதியை விட்டுவிடுகிறது. நாலாவதில் கை மட்டும்தான் இழுக்கிறது. "இழுத்தாயிற்று" என்று ஒரு தகவல் தங்குகிறது, இழுத்த காட்சி தங்குவதில்லை. பால் பூத்தில் நின்று தேடும்போது காட்சிதான் வேண்டும், கிடைப்பது தகவல்.

ஒரு தடவை இதற்கு வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். பூட்டியதும் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது. பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். முதல் வாரம் சொர்க்கம். அடுத்த வாரம் போட்டோவைப் பார்த்துவிட்டு, தேதியைப் பார்த்து, நேரத்தைப் பார்த்து, பெரிதாக்கி வளையம் உள்ளே இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, மத்தியானம் சாப்பிடும்போது மறுபடி திறந்து... இன்றைக்கு என் போனில் இருநூறு சொச்சம் பூட்டுப் போட்டோ இருக்கிறது. என் மனைவி அதைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு, "நம்ம பையன் படம்கூட இவ்வளவு இல்லையேப்பா" என்றாள்.

[காட்சி: ரயில் எஞ்சின் அறை. கை நீட்டிச் சிக்னலைக் காட்டும் ஓட்டுநர்.]

கொஞ்சமாவது வேலை செய்தது ரயில்காரர்களின் வழி. ஜப்பானில் ரயில் ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு சிக்னலையும் விரலை நீட்டிக் காட்டி, என்ன நிறம் என்று வாய்விட்டுச் சொல்வார்கள். வெளியாட்களுக்குப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். 1994-ல் அங்கே இருக்கும் ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் சோதித்தபோது, ஓர் எளிய வேலையில் நூற்றுக்கு 2.38 ஆக இருந்த தவறு, காட்டிச் சொன்னபோது 0.38-க்கு இறங்கியது. நம் ரயில்களிலும் லோகோ பைலட்டும் உதவியாளரும் சிக்னல் நிறத்தை ஒருவருக்கொருவர் சத்தமாகச் சொல்லிக்கொள்வது விதி. கண், கை, வாய், காது நாலும் ஒரே காரியத்தில் சேரும்போது தூங்கிக்கொண்டு அதைச் செய்ய முடியாது. நானும் இப்போது பூட்டிவிட்டு, ஒரே ஒரு தடவை இழுத்து, "செவ்வாய்க்கிழமை, நீலச் சட்டை, பூட்டியாச்சு" என்று சொல்லிவிட்டு இறங்குகிறேன். கிழமையும் சட்டையும் ஏனென்றால், நேற்றைய பூட்டுதலோடு இன்றையது கலந்துவிடாமல் இருக்க. பாட்டிக்கு முதல் நாள் பயமாகிவிட்டது. யாரிடம் பேசுகிறான் இவன் என்று எழுந்தே வந்துவிட்டார்.

[காட்சி: பின்னணி இசை இல்லை. பேசுபவரின் முகம் மட்டும்.]

கொஞ்சம் நிதானமாக ஒன்று. மேசையில் பேனாவை நேராக வைத்துவிட்டு "எனக்கு ஓசிடி ப்பா" என்று சொல்கிறோம் பாருங்கள், நானும் சொல்லியிருக்கிறேன், அது சரியில்லை. ஓசிடி என்பது ஒரு மனநோயின் பெயர். 1978-ல் லண்டனில் ஸ்டான்லி ராக்மனும், இலங்கைக்காரரான பத்மல் டி சில்வாவும், எந்த மனநோயும் இல்லாத சாதாரண ஆட்களிடம் "வேண்டாத நினைப்பு, தானாக வந்து தொல்லை செய்கிற நினைப்பு உண்டா?" என்று கேட்டார்கள். ஏறக்குறைய 80 சதவீதம் பேர் உண்டு என்றார்கள். (இந்த டி சில்வா, வேண்டாத நினைப்பை விரட்டப் பழைய பௌத்த நூல்கள் சொல்லும் வழிகளை இன்றைய சிகிச்சைகளோடு ஒப்பிட்டும் எழுதியவர், தனி வீடியோவே போடலாம்.) 2014-ல் 13 நாட்டு மாணவர்கள் 777 பேரிடம் கேட்டபோது, முந்தைய மூன்று மாதத்தில் ஒரு தடவையாவது வந்தது என்றவர்கள் 94 சதவீதம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடியில் நிற்கும்போது "கைநழுவிவிட்டால்?" என்று ஒரு மின்னல் வருமே, அது. ஆக நினைப்பு எல்லோருக்கும் வருகிறது. பெரும்பாலோருக்கு வந்த வழியே போய்விடுகிறது. ஓசிடி இருப்பவருக்கு அது போவதில்லை, அதைத் தணிக்கச் செய்கிற சடங்கு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்கிறது, வேலையைக் கெடுக்கிறது, சோப்பு போட்டுப் போட்டுக் கை வெடித்து ரத்தம் வந்தாலும் நிறுத்த முடிவதில்லை. அது கிறுக்கும் இல்லை, பழக்கமும் இல்லை. சிகிச்சை இருக்கிறது. 1966-ல் விக்டர் மேயர் தொடங்கிவைத்த ஒரு வழி இன்றும் முக்கியமானது: பயம் வருகிற இடத்தில் நிற்கவேண்டும், சடங்கைச் செய்யாமல் நிற்கவேண்டும், பதற்றம் தானாக இறங்குகிறவரை. கேட்க எளிது, தனியாகச் செய்வது கஷ்டம், பழகிய மருத்துவரோ உளவியலாளரோ பக்கத்தில் வேண்டும். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இப்படி இருந்தால் 14416, டெலிமானஸ், மனநல உதவிக்கான அரசாங்க எண், கட்டணம் இல்லை.

சிகிச்சையில் இருப்பவர் யாராவது இதைப் பார்த்தால், என் "நீலச் சட்டை" வித்தையை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதுவே இன்னொரு சடங்காகிவிடும். எனக்கே ஆகாது என்று சொல்ல முடியாது. போன வாரம் ஒரு நாள் சட்டை நீலமா ஊதாவா என்று படியில் நின்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

[காட்சி: மறுபடி அதே கதவு, அதே பூட்டு. இப்போது கேமரா கொஞ்சம் தள்ளி.]

ஆரம்பத்தில் பார்த்தீர்களே, கை பூட்டை இழுக்கிற காட்சி, அதை ஆறு டேக் எடுத்தோம். வெளிச்சம் சரியில்லை, விரல் மறைக்கிறது, பூட்டு ஆடுகிறது என்று திரும்பத் திரும்ப. பூட்டி, இழுத்து, திறந்து, மறுபடி பூட்டி. முடித்துவிட்டு கேமரா தம்பியும் நானும் டீ குடிக்கப் போனோம். பால் பூத் பக்கம் வந்ததும் அவனிடம் கேட்டேன், கடைசி டேக்கில் பூட்டினேனா, இல்லை கட் சொன்னதும் அப்படியே வந்துவிட்டேனா?

அவன் ரொம்ப நேரம் யோசித்தான். அப்புறம் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். பாட்டி வாசலில் இல்லை.