நிற்கத் தெரிந்த மேக்ரோ

நேயர்களே, வணக்கம். கணினியில் ஒரே திருத்தத்தை வரிவரியாகச் செய்து விரல் வலிக்காதவர்கள் குறைவு. பெயர்ப் பட்டியல், விலைப் பட்டியல், மாணவர் பட்டியல் என்று எதுவானாலும் அதே ஐந்தாறு விசைகளைத்தான் திரும்பத் திரும்ப அழுத்துகிறோம். அந்த விசைகளை ஒருமுறை பதிவுசெய்து, பிறகு கணினியையே செய்யச் சொல்லலாம். அதற்குப் பெயர்தான் மேக்ரோ. நான் பல காலமாகப் பயன்படுத்தும் விம் என்ற எடிட்டரில், அதாவது எழுதித் திருத்தும் மென்பொருளில், இது மிகவும் சுலபம்.

விம்மில் விசைக்கு இரண்டு வேலை உண்டு. எழுதும் நிலையில் எழுத்து விழும். எஸ்கேப் அழுத்திவிட்டால் அதே விசை கட்டளையாகிவிடும். கட்டளை நிலையில் க்யூவை அழுத்தி, அடுத்து ஏ அழுத்துங்கள். பதிவு தொடங்கிவிடும். வேலையைச் செய்யுங்கள், மறுபடி க்யூ அழுத்துங்கள், பதிவு முடிந்தது. மின்னஞ்சல் முகவரியில் வரும் அந்த 'அட்' குறியையும் ஏ-வையும் அழுத்தினால் செய்ததை அப்படியே திரும்பச் செய்யும். முன்னால் 500 என்று தட்டினால் ஐந்நூறு முறை!

எனக்குத் தெரிந்த நூலகர் ஒருவரிடம் நீண்ட பட்டியல் ஒன்று இருந்தது. வரிக்கு ஒரு புத்தகம்: முதலில் தலைப்பு, ஒரு காற்புள்ளி, பிறகு ஆசிரியர். ஆசிரியர் முன்னால் வரவேண்டும் என்றார். இருவரும் உட்கார்ந்து ஒரே ஒரு வரியைப் பதிவுசெய்தோம். வரியின் தொடக்கத்துக்குப் போ. காற்புள்ளி வரை வெட்டு. வரிக் கடைசியில் ஒரு காற்புள்ளி போட்டு, வெட்டியதை ஒட்டு. முன்னால் மிஞ்சிய காற்புள்ளியை அழி. ஒரு வரி கீழே இறங்கு. அந்த கடைசிப் படியை மறந்துவிடாதீர்கள். நாற்று நடுகிறவர்கள் நட்ட கையோடு ஒரு அடி பின்வாங்கி அடுத்த முடிக்குத் தயாராக நிற்பார்களே, அப்படி நிற்க வேண்டும்.

கவனியுங்கள், 'பத்து எழுத்து தள்ளிப் போ' என்று நாங்கள் சொல்லவே இல்லை. 'காற்புள்ளி வரை' என்றுதான் சொன்னோம். தலைப்பு எவ்வளவு நீளமானாலும் அது சரியாக வெட்டும். எண்ணிக்கையை நம்பாதீர்கள், அடையாளத்தை நம்புங்கள். இதை யாரிடம் பேசினாலும் சொல்லிவிடுவேன்.

ஓடவிட்டோம். பாதியில் நின்றுவிட்டது. நூலகர் பதறினார். போய்ப் பார்த்தால் அந்த வரியில் காற்புள்ளியே இல்லை. ஆசிரியர் பெயரை யாரோ பதியாமல் விட்டிருக்கிறார்கள். விம்மில் ஒரு கட்டளை தோற்றால் மேக்ரோ அங்கேயே நின்றுவிடும், மிச்ச முறைகளும் ரத்தாகிவிடும். எண்ணிக்கையை நம்பி எழுதியிருந்தால் அந்த வரியையும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிப்போட்டிருக்கும். பெயரைச் சேர்த்தோம், மறுபடி ஓடவிட்டோம், அடுத்த குறையில் நின்றது. பட்டியலில் எங்கெங்கே ஓட்டை என்று அதுவே காட்டிக்கொண்டு போனது. கடைசி வரியில் இறங்க இடமில்லாமல் தானே நின்றது. அதனால்தான் 500 என்று தாராளமாகக் கொடுக்கலாம்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்கேப் அழுத்தியதும் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கட்டளை போகாது. பதிவுசெய்யும்போது இது தொல்லைதான். ஆனால் விம்மை வந்தடைந்த எழுத்துகள் மட்டுமே பதிவாகும். ஓடும்போது மாற்ற வேண்டியதே இல்லை.

இந்த விம்மை 1991-இல் வெளியிட்ட நெதர்லாந்துக்காரர் ப்ராம் மோலனார் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் ஆகிவிட்டது. 2023-இல் காலமானார். மென்பொருளுக்குக் காசு கேட்கவில்லை. உகாண்டாவின் கிபாலே ஊர்ப் பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்றுதான் கேட்டார்.

பதிவின் கடைசியில் ஒரு படி விட்டுப்போனால் முழுதும் திரும்பச் செய்ய வேண்டாம். க்யூவுக்குப் பின் பெரிய ஏ அழுத்துங்கள், பழைய பதிவின் வாலில் ஒட்டிக்கொள்ளும். வணக்கம்.