மினா ரீஸ்: கணிதத்துக்குக் காசும் காலமும் தேடித் தந்தவர்

நேயர்களுக்கு வணக்கம். பேச அழைத்த வானொலி நிலையத்தாருக்கு என் நன்றி.

1948-ஆம் ஆண்டு. ஜார்ஜ் டான்ட்சிக் என்ற இளம் கணிதர், கட்டுப்பாடுகளுக்குள் செலவை மிகக் குறைக்க வழி தேடும் லீனியர் புரோகிராமிங் என்னும் தன் புதிய முறையைப் பற்றிப் பெயர்பெற்ற கணிதர் ஜான் வான் நியூமனிடம் பேசப் பிரின்ஸ்டனுக்கு வந்திருந்தார். கிளம்பும்போது பேராசிரியர் ஆல்பர்ட் டக்கர் தன் காரில் அவரை ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு சரக்கு அனுப்பினால் செலவு குறையும் என்ற கணக்கை டான்ட்சிக் வழியில் விளக்கினார். மின்சுற்றுக் கணக்கு மாதிரி இருக்கிறதே என்று டக்கருக்குப் பட்டது. அந்தக் கோடையிலேயே டேவிட் கேல், ஹரால்ட் கூன் என்ற இரண்டு மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வேலையில் இறங்கினார். பொருளாதார மாணவர்களும் பொறியியல் மாணவர்களும் இன்று படிக்கும், கட்டுப்பாடுகளுக்குள் சிறந்த விடையைக் கண்டறிய உதவும் கூன்-டக்கர் நிபந்தனைகள் அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக வந்தவைதான்.

காரில் போகும்போது யார் வேண்டுமானாலும் நல்ல யோசனை சொல்லலாம். அது ஆராய்ச்சியாக வளர, மாணவர்கள் கோடை முழுக்க வேறு வேலை தேடாமல் உட்கார்ந்து யோசிக்கப் பணம் வேண்டும். இங்கே பணம் கொடுத்தது அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சி அலுவலகம். அங்கே கணிதப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் மினா ரீஸ்.

ரீஸ் 1902-இல் கிளீவ்லண்டில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். ஹண்டர் கல்லூரியில் பட்டம் பெற்று, ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார். பெண்களை முனைவர் பட்டத்துக்கு எடுப்பதில் அங்கே துறைக்கு விருப்பமில்லை என்று அவர் காதில் போட்டுவிட்டார்கள். சரி என்று அவர் முடங்கிவிடவில்லை. சிகாகோ போனார். அங்கே லியோனார்ட் டிக்சனிடம் இயற்கணிதத்தில் ஆராய்ச்சி செய்து 1931-இல் பட்டம் வாங்கினார். அப்புறம் பல வருடம் ஹண்டரிலேயே பாடம் நடத்தினார்.

1943-இல், உலகப் போர் நடுவே, பயன்பாட்டுக் கணிதக் குழுவில் சேர்ந்தார். குழுவின் தலைவர் வாரன் வீவருக்கு நிர்வாக உதவியாளர் பொறுப்பு. ராணுவம் ஒரு சிக்கலோடு வரும். அதை எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தக் கணிதரிடம் கொடுப்பது என்று குழு பார்க்க வேண்டும். கொலம்பியாவில் ஆபிரகாம் வால்ட் ஒரு முறையை உருவாக்கியது இந்தக் குழுவின் கீழ்தான். ஒரு லாட்டில் இத்தனை பொருளைச் சோதித்தே ஆகவேண்டும் என்று முன்கூட்டி முடிவு செய்யாமல், ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போய், முடிவு சொல்லும் அளவுக்கு ஆதாரம் சேர்ந்ததும் நிறுத்திக்கொள்வது அந்த முறை. யாருக்கு எது வரும் என்று ரீஸுக்குத் தெரிந்தது இந்தக் குழுவில் இருந்தபோதுதான் என்று நினைக்கிறேன்.

போர் முடிந்தது. 1946-இல் கடற்படை அவரை அழைத்தது. கப்பலுக்கும் பீரங்கிக்கும் உடனே உதவுகிற கணக்குக்கு மட்டும் காசு கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். உடனடிப் பயன் பார்க்காத தூய கணிதத்துக்கும் ரீஸ் கொடுத்தார். அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1950-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் பல்கலைக்கழகக் கணிதத்தைத் தாங்கி நின்றதில் இந்தப் பிரிவுக்குப் பெரிய பங்கு உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸில், சமன்பாடுகளை எண்களாகக் கணித்துத் தீர்க்கும் முறைகளுக்கென்று தொடங்கிய கழகத்துக்கும் கடற்படைப் பணம் போனது. மாக்னஸ் ஹெஸ்டனஸும் எட்வார்ட் ஸ்டீஃபலும் 1952-இல் வெளியிட்ட இணைச்சரிவு முறை அந்தக் கழகத்தோடு சேர்ந்த வேலை. லட்சக்கணக்கான சமன்பாடுகளைச் சேர்ந்தாற்போல் தீர்க்க வேண்டிய இடங்களில் இன்றும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

எல்லாத் திட்டத்துக்கும் அவர் கேட்டதைக் கொடுத்துவிடவில்லை. எம்ஐடியில் ஜே ஃபாரஸ்டர் கட்டிய வேர்ல்விண்ட் கணினி பணத்தை விழுங்கிக்கொண்டே போனது. இவ்வளவு செலவு எதற்கு, இதில் கணிதம் தெரிந்தவர்கள் போதுமான அளவு இருக்கிறார்களா என்று ரீஸ் விடாமல் கேட்டார். கடைசியில் விமானப்படை அந்தச் செலவில் பெரும்பங்கை ஏற்றது. சிறு காந்த வளையங்களில் தகவலைச் சேமிக்கும் காந்த வளைய நினைவகம் அந்தக் கணினியில் வேலை செய்து காட்டியது. அதன் அருமையை ரீஸ் குறைத்து மதிப்பிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒரே இயந்திரத்துக்குப் போகும் பணம் இன்னும் பல கணிதர்களின் பணம் என்பதை அவர் பார்த்தார். அந்த நாற்காலியில் இருப்பவர் அதைப் பார்த்தே ஆகவேண்டும்.

1953-இல் ஹண்டருக்குத் திரும்பினார். 1961-இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் படிப்புகளுக்கு முதல் டீன் ஆனார். நகரத்தின் பல கல்லூரிகளில் சிதறியிருந்த பேராசிரியர்களை ஒன்றாகச் சேர்த்து, முனைவர் படிப்புகளை உண்டாக்கினார். பின்னால் அந்த முதுநிலைக் கல்விக்கூடத்துக்கே தலைவராகி, 1972-இல் ஓய்வு பெற்றார். இதற்கு நடுவில் 1971-இல் அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கத்துக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்ணும் அவர்தான்.

மேத்தமேட்டிக்கல் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற கணிதச் சங்கம், கணிதத்துக்குச் செய்த சேவைக்கென்று 1962-இல் ஒரு விருதைத் தொடங்கியபோது முதலில் அவருக்குத்தான் கொடுத்தது. டக்கரும் கேலும் கூனும் போட்ட கணக்குகள் பாடப்புத்தகத்தில் அவரவர் பெயரோடு இருக்கின்றன. அவர்களுக்கு அந்தக் கோடையைக் கொடுத்தவரின் பெயரையும் நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் ஆசை.

நன்றி, வணக்கம்.