தினமும் உடன் வைத்துக்கொள்ள எந்த மடக்குக் கத்தி: ஒற்றை அலகா, பல அலகா?

வீட்டுக்கு வரும் பார்சல்களைப் பிரிக்கவும், அலுவலகத்தில் மதிய உணவுக்குப் பின் பழம் நறுக்கவும், எப்போதாவது கயிறு அறுக்கவும் ஒரு மடக்குக் கத்தி வேண்டும் என்றும், அதில் ஒற்றை அலகு போதுமா, பல அலகுகள் தேவையா என்றும் ஒரு நேயர் கேட்டிருக்கிறார். என்னென்ன வேலைகள் என்பதையும் அவரே சொல்லிவிட்டதால், தயங்காமல் பதில் சொல்கிறேன்: அவருக்கு இரண்டு அலகு உள்ள கத்தியே ஏற்றது.

காரணம் பார்சல் டேப்தான். டேப்பை அறுக்கும்போது அதன் பசை அலகின் இரு பக்கமும் படிந்துவிடுகிறது. அட்டைப்பெட்டியோ அலகின் கூர்மையை விரைவில் மழுக்கிவிடுகிறது. அதே அலகால் கொய்யாப்பழத்தை நறுக்கிச் சாப்பிட யாருக்கும் மனம் வராது. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனம் தயாரிக்கும் ஸ்பார்ட்டன் கத்தியில், 91 மில்லிமீட்டர் நீளமுள்ள பிடிக்குள் பெரிய அலகு ஒன்றும் சிறிய அலகு ஒன்றும் இருக்கின்றன. பெரியதைப் பழத்துக்கும் சிறியதை டேப்புக்கும் கயிற்றுக்கும் என்று ஒதுக்கிவிட்டால், ஒரு வேலையின் அழுக்கு இன்னொன்றுக்குப் போகாது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய கார்ல் எல்செனர் 1897இல் பதிவுசெய்த, ராணுவ அதிகாரிகளுக்கான கத்தியிலேயே இப்படி இரண்டாவது சிறிய அலகு இருந்தது.

அப்படியானால் மூன்று அலகு இன்னும் நல்லதல்லவா என்று தோன்றலாம். அமெரிக்காவின் ஸ்டாக்மேன் வகைக் கத்தியில் மூன்று அலகுகள் உண்டு. அவற்றுள் ஸ்பே என்னும் மழுங்கிய முனையுள்ள அலகு, கால்நடைகளுக்குக் காயடிப்பதற்காக உருவானது. பண்ணை வைத்திருப்பவருக்கு அது பயன்பட்டது. நமக்கு அது சட்டைப்பையில் கனத்தை மட்டுமே கூட்டும். அலகுகள் பெருகப் பெருகப் பிடி தடிக்கிறது, மடங்கிக் கிடக்கும் அலகுகளின் முதுகு உள்ளங்கையில் உறுத்துகிறது, இடுக்குகளில் பழச்சாறும் தூசியும் சேர்ந்து கழுவுவதும் கடினமாகிறது.

இந்த இடத்தில்தான் ஒற்றை அலகு வெல்கிறது. பிரான்சின் சவோய் பகுதியில் ஜோசப் ஒப்பினல் 1890இல் செய்யத் தொடங்கிய கத்தியைப் பாருங்கள். அதன் 8ஆம் எண் கத்திக்கு 8.5 சென்டிமீட்டர் அலகு. உருண்டையான மரப்பிடி கைக்குள் இதமாக அடங்கும். 1955 முதல் அலகைப் பூட்டும் உலோக வளையமும் அதில் வருகிறது. ஸ்பார்ட்டனில் பூட்டு கிடையாது. விறைப்பான வில் (ஸ்பிரிங்) மட்டுமே அலகைத் தாங்குகிறது, ஆகையால் முனையால் குத்தி அழுத்தினால் அது விரல்மேல் மடங்கக்கூடும். கயிற்றை இழுத்து அறுப்பதில் இந்த ஆபத்து குறைவு. ஆனால் மரக்குச்சி சீவுவதும் துளையிடுவதும் உங்கள் அன்றாட வேலைகளாக இருந்தால், தயவுசெய்து பூட்டுள்ள ஒற்றை அலகையே வாங்குங்கள். மரப்பிடியை மட்டும் தண்ணீரில் ஊற விடாதீர்கள்; மரம் ஊதினால் அலகைத் திறப்பதே சிரமமாகிவிடும்.

பிரிட்டனில் வாழும் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடிய மடக்குக் கத்தி, பூட்டு இல்லாததாகவும் வெட்டும் பகுதி 3 அங்குலத்துக்கு மேற்படாததாகவும் இருக்க வேண்டும். எனவே ஒப்பினல் 8 அந்த வரம்புக்குள் வராது. விமானப் பயணத்திலோ இரண்டு கத்திகளையும் கைப்பையில் வைக்காமல், சரக்கில் போடும் பெட்டியில் வைத்துவிடுங்கள்.