மடக்கு சைக்கிளுக்குப் பை, பாட்டில், விளக்கு: எதை நாமே செய்யலாம், எதை வாங்க வேண்டும்?

வணக்கம். வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகப் பேசலாம் என்று நினைக்கிறேன். ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "20 இன்ச் மடக்கு சைக்கிள் வாங்கியிருக்கிறேன். வேலைக்குப் பாதி தூரம் ரயில், மீதி தூரம் சைக்கிள். பை மாட்ட வேண்டும், தண்ணீர் பாட்டில் வைக்க வேண்டும், விளக்கு வேண்டும், மழையில் சேறு அடிக்கக் கூடாது. சாதாரண சைக்கிளுக்கு விற்கிற எதுவும் இதில் சரியாக உட்காரவில்லை. நானே வீட்டில் செய்துகொள்ளலாமா? எதையெல்லாம் வாங்கியே ஆக வேண்டும்?"

செய்துகொள்ளலாம். நிறையவே செய்யலாம். ஆனால் ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சைக்கிளை மடியுங்கள், அதுவும் மிக மெதுவாக. ஹேண்டில் எந்தப் பக்கம் விழுகிறது, அது இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் போகிறதா வெளியே நிற்கிறதா, சீட்டை இறக்கினால் சீட் போஸ்ட்டின் அடிமுனை எங்கே வருகிறது, எந்தப் பெடல் எதை உரசுகிறது என்று பாருங்கள். ஒட்டுகிற இடங்களிலும் உரசுகிற இடங்களிலும் பேப்பர் டேப் ஒட்டி வையுங்கள். டேப் இல்லாமல் மிச்சம் இருக்கிற இடம்தான் உங்களுக்கானது. ஒரு பொருளை மாட்டிய பிறகு வண்டி மடியவில்லை என்றால், அது எவ்வளவு அருமையான பொருளாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது. ரயிலில் ஏற்றத்தானே இந்த வண்டியை வாங்கினீர்கள்?

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என்னுடைய முதல் மடக்கு சைக்கிளில் பிரேக் கேபிளும் கியர் கேபிளும் முன்னால் வளைந்து தொங்கிக்கொண்டிருந்தன. எனக்கு அது பிடிக்கவில்லை. பிளாஸ்டிக் டேக் போட்டு ஹேண்டில் போஸ்ட்டோடு, அதாவது ஹேண்டிலைத் தாங்குகிற நீளக் குழாயோடு, சேர்த்து இழுத்துக் கட்டினேன். நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் பிளாட்பாரத்தில் வைத்து மடித்தபோது கியர் கேபிளின் உறை அதன் இடத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு மடங்கிவிட்டது. அன்று முழுவதும் ஒரே கியரில் ஓட்ட வேண்டியதாயிற்று. ஹேண்டில் போஸ்ட் மடியும்போது கேபிள் சுற்றிப் போக வேண்டிய தூரம் கூடுகிறது. அதற்காகத்தான் அந்தத் தொங்கலை விட்டிருக்கிறார்கள். கேபிளைக் கட்டியே ஆக வேண்டுமென்றால், வண்டியை மடித்த நிலையில் வைத்துக் கட்டுங்கள். அதுவும் இறுக்கமாக வேண்டாம், உள்ளே கேபிள் நகரும்படி ஒரு வளையமாக இருந்தால் போதும்.

சரி, பைக்கு வருவோம். உங்கள் கேள்வியில் முக்கியமானது இதுதான். பெரும்பாலானவர்கள் முதலில் நினைப்பது பின் கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கும் பை. 20 இன்ச் வண்டியில் பின் சக்கரம் பெடலுக்கு மிக அருகில் இருக்கும், அதனால் மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கும். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். சீட்டில் உட்கார்ந்து பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். குதிகால் அதிகபட்சம் எவ்வளவு பின்னால் போகிறது என்று பக்கத்தில் ஒருவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தக் கோட்டுக்குப் பின்னால் பை நிற்குமா என்று ஓர் அட்டையை வெட்டி மாட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கால் நீளமானவர்களுக்குப் பெரும்பாலும் நிற்காது.

ஹேண்டில்பாரில் தொங்கவிடுவதும் நல்லதல்ல. சின்னச் சக்கர வண்டியில் ஹேண்டில் ஏற்கெனவே லேசாகத் திரும்பும். அதன் மேல் நாலைந்து கிலோ தொங்கினால் ஒவ்வொரு திருப்பத்திலும் எடை உங்கள் கையை இழுக்கும். போதாததற்கு ஹேண்டில் போஸ்ட் நீளமானது, அடியில் ஒரு கீல் வேறு. அத்தனை ஆட்டமும் அந்தக் கீலில்தான் போய் விழும்.

என்னைக் கேட்டால் பைக்குச் சரியான இடம் ஹெட் டியூப். முன் ஃபோர்க்கின் தண்டு உள்ளே நுழைகிற குட்டைக் குழாய் இருக்கிறதே, அதுதான். அது ஃபிரேமின் பாகம், ஹேண்டிலோடு திரும்பாது. அங்கே மாட்டிய பை நேராகவே நிற்கும், சக்கரம் மட்டும் அடியில் திரும்பும். முதல் தடவை ஓட்டும்போது கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும், இரண்டு நாளில் பழகிவிடும். பிராம்ப்டன் சைக்கிளில் முன்பை இப்படித்தான் ஒரு பிளாஸ்டிக் கட்டையில் மாட்டப்படுகிறது, 10 கிலோ வரை தாங்கும் என்கிறார்கள். டாஹோன், டெர்ன் வண்டிகள் பலவற்றில் ஹெட் டியூப்பின் முன்பக்கம் இரண்டு போல்ட் துளைகள் இருக்கும். கிளிக்ஃபிக்ஸ் மாதிரியான மாட்டிகளை, அதாவது ஒரு பாதி வண்டியிலும் மறுபாதி பையிலும் இருந்து பையைச் சட்டென்று மாட்டிக் கழற்ற உதவுகிறவற்றை, அங்கே பொருத்தலாம். உங்கள் வண்டியில் அந்தத் துளைகள் இருக்கின்றனவா என்று முதலில் தடவிப் பாருங்கள். சிலவற்றில் ரப்பர் மூடியோ வெறும் போல்ட்டோ போட்டு அடைத்திருப்பார்கள். துளை இல்லையென்றால் ஃபிரேமைத் துளைக்காதீர்கள். குழாயைச் சுற்றிப் பிடிக்கிற கிளாம்ப் வகை மாட்டி கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

மாட்டியை வாங்குங்கள், பையை நீங்களே செய்யுங்கள். பழைய லேப்டாப் பை ஒன்று போதும். அதன் முதுகுப் பக்கத்துக்கு உள்ளே 6 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்றை அளவாக வெட்டிப் போடுங்கள். மூலைகளை உருட்டித் தேய்த்து இரண்டு பூச்சு வார்னிஷ் அடியுங்கள், இல்லாவிட்டால் மழை ஈரத்தில் ஊறிவிடும். பையின் வெளியே மாட்டியின் மறுபாதி, நடுவில் துணி, உள்ளே பலகை. மூன்றையும் சேர்த்து போல்ட் போடுங்கள். பலகைப் பக்கம் அகலமான வாஷரும் நைலான் நட்டும் (உள்ளே நைலான் வளையம் வைத்த உலோக நட்) அவசியம். சாதாரண நட் ரோட்டின் அதிர்வில் தளர்ந்துவிடும்.

மாட்டியதும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது கேபிள்கள் பையில் சிக்கக் கூடாது, பைக்கும் ஹெட் டியூப்புக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தால் நிம்மதி. பையில் சாமான் நிரப்பிய பிறகு அடிப்பாகம் தொங்கி டயரிலோ மட்கார்டிலோ படக் கூடாது. ரயில் நிலையம் வந்ததும் முதலில் பையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அப்புறம் வண்டியை மடியுங்கள்.

தண்ணீர் பாட்டிலைப் பொறுத்தவரை, ஃபிரேமில் அதற்கான போல்ட் துளைகள் பல மடக்கு சைக்கிள்களில் இருப்பதில்லை. ஹேண்டில் போஸ்ட்டில் கட்டுகிற துணிக் கூடு ஒன்றைத் தைத்துக்கொள்வது நல்லது. இரண்டு வெல்க்ரோ பட்டை, கீழே ஒரு சுருக்குக் கயிறு, அவ்வளவுதான். பாட்டிலை எடுத்தால் துணி தட்டையாகிவிடும், மடிக்க இடைஞ்சல் இல்லை. உலோகக் கூடு என்றால் மடித்த நிலையில் ஸ்போக்கில் போய் இடிக்க வாய்ப்பு அதிகம்.

பின்விளக்கைப் பலரும் மாட்டுகிற இடம் சீட் போஸ்ட். டாஹோன் வகை வண்டிகள் பலவற்றில் அதன் விட்டம் 33.9 மில்லிமீட்டர். சாதாரண சைக்கிளின் போஸ்ட் இதைவிட மெல்லியது, அதனால் அதற்கென்று வருகிற பிடிகள் இதைச் சுற்றி வராது. பழைய டியூபை வளையமாக வெட்டி ரப்பர் பட்டையாகப் போட்டால் எந்தத் தடிமனுக்கும் பிடிக்கும். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சீட் போஸ்ட்டில் எதை மாட்டினாலும், மடிக்கும்போது போஸ்ட் அதற்குக் கீழே இறங்காது. தினமும் விளக்கைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் சீட்டுக்கு அடியில் இருக்கிற இரண்டு கம்பிகளில் ஒரு சின்ன அலுமினியப் பட்டையைக் குறுக்கே கட்டி, விளக்கை அதில் பொருத்துங்கள். சீட் இறங்கினால் விளக்கும் கூடவே இறங்கிவிடும். முன்விளக்கைப் பையின் முகப்பில் ஒரு பட்டை தைத்து மாட்டுங்கள். ஹேண்டிலில் மாட்டினால் பையின் மேல்பகுதி வெளிச்சத்தை மறைக்கலாம்.

மட்கார்டை நீங்களே செய்யாதீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். வளைவு சரியாக வராமல் ஒரு பிளாஸ்டிக் துண்டு டயருக்குள் இழுபட்டால் முன்சக்கரம் அப்படியே நின்றுவிடும், ஓட்டுபவர் தூக்கி எறியப்படுவார். ஆனால் முன் மட்கார்டின் கீழ்நுனியில் ஒரு மடல் சேர்ப்பது மிகவும் பயனுள்ள வேலை. இந்த வண்டிகளில் செயினும் கியரும் தரைக்கு அருகில் இருப்பதால் முன்சக்கரம் அடிக்கிற சேறு நேராக அங்கேதான் போகிறது. பழைய டியூபிலிருந்து ஒரு கை அகலத்துக்கு ரப்பரை வெட்டி இரண்டு சின்ன போல்ட்டில் பிடித்துவிடுங்கள். ரப்பர்தான் வேண்டும், விறைப்பான பிளாஸ்டிக் வேண்டாம். மடித்த வண்டியைப் பின்னோக்கி உருட்டும்போது மடல் வளைந்துகொடுக்க வேண்டும்.

மட்கார்டோ டயரோ வாங்கும்போது "20 இன்ச்" என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் 40-406 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காருகிற விட்டம், இரண்டுமே மில்லிமீட்டரில். 20 இன்ச் என்ற பெயரிலேயே 406-ம் உண்டு, 451-ம் உண்டு. நாலரை சென்டிமீட்டர் வித்தியாசம், ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றுக்குச் சேரவே சேராது. 16 இன்ச்சிலும் இதே கதைதான், 305 என்றும் 349 என்றும்.

பெடல் மாற்ற நினைத்தால் மடங்குகிற பெடலோ கழற்றுகிற பெடலோ வாங்குங்கள், கூட்டத்தில் அடுத்தவர் முழங்காலில் இடிக்காது. இடது பெடலின் மரை எதிர்த்திசையில் போகும், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இனி, வீட்டில் கைவைக்கவே கூடாதவை. சாதாரண சைக்கிளில் முக்கோணமாக அமைந்த குழாய்கள் எடையைப் பகிர்ந்துகொள்கின்றன. மடக்கு சைக்கிள்கள் பலவற்றில் ஒரே ஒரு பெரிய குழாய், அதன் நடுவில் ஒரு கீல். மொத்தப் பளுவும் அந்த ஒரே வழியாகத்தான் போகிறது. ஆகவே கீலுக்கு அருகில் துளை போடுவது, வெல்டிங் வைப்பது, ஹேண்டில் போஸ்ட்டை நீட்டிப்பது எதுவும் வேண்டாம். கீலின் பூட்டு அழுத்தமே தராமல் சுலபமாக மூடிக்கொண்டால் அது தளர்ந்திருக்கிறது என்று பொருள், வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்து இறுக்குங்கள். உயரமானவர்கள் சீட் போஸ்ட்டை அதில் பொறித்திருக்கிற கோட்டுக்கு மேலே இழுக்காதீர்கள். அந்த வண்டிக்கென்றே நீளமான போஸ்ட் வருகிறது, அதை வாங்கலாம்.

கேள்வி கேட்ட நண்பர் இரண்டு தகவல் அனுப்பினால் நல்லது. டயரில் இருக்கிற அந்த இரண்டு எண்கள், ஹெட் டியூப்பில் துளை இருக்கிறதா இல்லையா என்பது. கூடவே மடித்த நிலையில் இரண்டு பக்கமும் எடுத்த படம் இருந்தால், பைக்கான பலகையை எந்த அளவில் வெட்டுவது என்று அடுத்த முறை வரைந்தே காட்டுகிறேன்.